பாய்மரமும் பாலமும்

நிலத்தில் செல்வோர்க்குச் சாலை வழி. நீரில் செல்வோர்க்கு ஆறு வழி. இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்திற்கே பாலம் என்று பெயர். சாலைகள் கூடும் நாற்சந்தியில் யார் முன்னே செல்வது, யார் நின்று செல்வது என்ற வழக்கு எழுவது போலவே, பாலத்தின் அடியிலும் ஒரு வழக்குத் தொன்றுதொட்டு நடந்து வருகிறது. படகின் பாய்மரம் தாழ வேண்டுமா, பாலம் உயர வேண்டுமா என்பதே அவ்வழக்கு. உலக வரலாற்றில் அரசுகளும் கடற்படைகளும் பொறியியல் வல்லுநரும் கூடி வாதிட்ட வழக்கு இது. ஹூக்ளிக் கரையில் குடியேறி வாழும் தமிழராகிய நாம் நாள்தோறும் பாலங்களைக் கடக்கிறோம். ஆயினும் பாலத்தின் மேல் செல்வோர் அதன் அடியில் செல்வோரை எண்ணிப் பார்ப்பது அரிது. அவ்வரிய எண்ணத்திற்கு இவ்வாண்டு மலரில் சில பக்கங்களை ஒதுக்குவது பொருத்தமே எனக் கருதுகிறோம்.

பாய்மரத்திற்குப் பழந்தமிழில் கூம்பு என்று பெயர். புறநானூற்றின் 30-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளியின் நாட்டு வளத்திற்கு ஒரு சான்று கூறுகிறார். காவிரி கடலோடு கலக்கும் புகாரில், பெருங்கலங்கள் கூம்பையும் மேற்பாயையும் களையாமல், ஏற்றிய பாரத்தையும் குறைக்காமல், நேரே ஆற்றுமுகத்தினுள் புகுந்தன என்பது அச்சான்று. களையாமல் புகுந்தன என்று புலவர் வியந்து கூறுவதிலிருந்தே, ஏனைய துறைகளில் களைந்து புகுவதே வழக்கமாயிருந்தது என்பது பெறப்படும். அக்காலத்தில் ஆற்றின் குறுக்கே பாலம் இல்லை. கலங்கள் பாயிறக்கிப் பாரம் குறைத்தது ஆற்றின் ஆழம் போதாமைக்கு அஞ்சியே. அடியில் மண் தட்டுமோ என்பது பழைய அச்சம்; முடியில் இரும்பு தட்டுமோ என்பது பின்னாளில் வந்த அச்சம். முன்னதை அளக்க ஈயக்குண்டு கட்டிய கயிறு போதும். பின்னதை அளக்க அறிவு ஒன்றே கருவி.

தாழ்ந்து கொடுத்த மரம்

முதலில் தாழ்ந்து கொடுத்தது பாய்மரமே. சீன நாட்டில் வட சோங் மரபினர் ஆண்ட காலத்தில் சாங் சதுவான் என்னும் ஓவியர் தீட்டியதாகக் கருதப்படும் நீண்ட ஓவியச் சுருள் ஒன்று உலகப் புகழ் பெற்றது. சிங்மிங் விழாக்காலத்தில் ஆற்றங்கரை வாழ்வைக் காட்டும் அந்த ஓவியத்தின் நடுவே வானவில் போல் வளைந்த மரப்பாலம் ஒன்று உண்டு. அதன் அடியில் பெரும் படகொன்று ஓட்டத்தில் சிக்கித் திரும்புகிறது; மரம் இன்னும் முழுதும் சாயவில்லை; படகில் உள்ளோர் கழிகளை ஊன்றிப் போராடுகின்றனர்; பாலத்தின் மேல் நிற்போர் கைகளை வீசிக் கூவுகின்றனர். ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்காட்சியில் நாம் காணும் பதற்றம் இன்றைய மாலுமி எவனுக்கும் புதிதன்று. மரத்தைச் சாய்ப்பது எளிது. உரிய நேரத்தில் சாய்ப்பதே அரிது.

இங்கிலாந்திலும் இவ்வழக்கம் நெடுங்காலம் நின்றது. 1209-இல் கட்டி முடிந்த பழைய லண்டன் பாலத்தில், உயர்ந்த மரமுடைய கலங்கள் மேலே செல்வதற்கென்று தூக்கித் திறக்கும் பகுதியொன்று அமைந்திருந்தது. பிற்காலத்துத் தேம்ஸ் நதியின் சரக்குப் படகுகளோ பாலம் திறக்கும்வரை காத்திருக்கவில்லை. அவற்றின் பாய்மரம் படகின் அடித்தளம்வரை ஊன்றப்படாமல், மேற்றளத்தில் ஒரு பெட்டிக்குள் கீல் போல் பொருத்தப்பட்டிருந்தது. பாலத்தை நெருங்கும்போது முன்கயிற்றைத் தளர்த்தி மரத்தைப் பின்புறமாகச் சாய்ப்பார்கள். படகு தன் வேகத்தாலும் ஓட்டத்தாலும் பாலத்தடியில் நழுவும். அப்பால் சென்றதும் உருளையைச் சுற்றி மரத்தை மீண்டும் நிமிர்த்துவார்கள். நார்போக் மாவட்டத்து ஆற்றுப் படகுகளில் மரத்தின் அடிப்பகுதியில் கனத்த ஈயம் கட்டப்பட்டிருந்தமையால், துலாக்கோல் போல் ஓரிருவரே அதனைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் இயன்றது. சிறு படகுக்கு இம்முறை ஏற்றது. மூன்று மரம் நாட்டி, ஒவ்வொன்றிலும் பல பாய் கட்டிய பெருங்கப்பலுக்கு இது ஏலாது. அங்கேதான் வழக்கு அரசின் மன்றத்திற்கு ஏறியது.

கடற்படை இட்ட கட்டளை

வேல்ஸ் நாட்டிற்கும் ஆங்கில்சித் தீவிற்கும் இடையே மெனாய் நீரிணை உள்ளது. அதன்மேல் பாலம் அமைக்கும் பணி தாமஸ் டெல்போர்டு என்னும் பொறியியல் மேதையிடம் ஒப்படைக்கப்பட்டது. பாய்க்கப்பல்கள் மரம் சாய்க்காமல் செல்லுமாறு நீர்மட்டத்திலிருந்து 100 அடி உயரம் விட வேண்டும் என்று பிரிட்டிஷ் கடற்படை நிர்வாகம் வற்புறுத்தியது. நீரிணையின் நடுவே தூண்களை நாட்டவும் இடமில்லை. எனவே இரு கரைகளிலும் கோபுரங்களை எழுப்பி, இரும்புச் சங்கிலிகளில் சாலையைத் தொங்கவிட்டார் டெல்போர்டு. 1826-இல் திறக்கப்பட்ட அத்தொங்குபாலத்தின் நடு இடைவெளி 579 அடி. அக்காலத்தில் அது வியத்தகு நீளம். அப்பாலத்தின் வடிவத்தை வகுத்ததில் பொறியியலுக்கு எவ்வளவு பங்குண்டோ, அவ்வளவு பங்கு பாய்மரத்திற்கும் உண்டு.

அதே நீரிணையில் ரயில் பாதைக்கென இராபர்ட் ஸ்டீபன்சன் மற்றொரு பாலத்தை 1850-இல் முடித்தார். வளைவுப் பாலம் என்றால், வளைவின் உச்சியில் மட்டுமே முழு உயரம் கிடைக்கும். பக்கங்களில் உயரம் குறையும். அதனைக் கடற்படை ஏற்கவில்லை. ஆகவே ரயில் வண்டியே உள்ளே ஓடும்படி நீண்ட இரும்புக் குழாய்களைச் செய்து தூண்களின் மேல் ஏற்றினார் அவர். பிரிட்டானியாப் பாலம் எனப்பட்ட அது 1970-இல் தீப்பற்றிச் சிதைந்தது. மீண்டும் கட்டியபோது அடியில் எஃகு வளைவுகளைத் தாங்கலாக நிறுத்தினர். 120 ஆண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட வளைவு இப்போது ஏற்கப்பட்டதேன்? உயர்ந்த மரமுடைய கப்பல்கள் அவ்வழியே செல்வது நின்றுபோயிருந்தது. அதனால் தடை சொல்வாரும் இல்லை. ஒரு பாலத்தின் வடிவத்தைப் பார்த்தே அதன் அடியில் எத்தகைய கலங்கள் சென்றன, எப்போது நின்றன என்று வரலாறு எழுதலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

திறந்து வழிவிட்ட பாலங்கள்

பாலத்தை உயர்த்த வேண்டுமானால் சாலையையும் உயர்த்த வேண்டும். தாழ்ந்த கரைகளையுடைய நகரங்களில் இதற்கு இடமும் பொருளும் மிகுதியாகும். ஆகவே பாலத்தையே திறந்து மூடும் முறை பிறந்தது. 1894-இல் திறக்கப்பட்ட லண்டன் கோபுரப் பாலத்திற்கு, நடுவே 200 அடி அகலமும் 135 அடி உயரமும் விட வேண்டும் என்று சட்டமே விதித்தது. அதற்கேற்பவே அதன் இரண்டு கதவுகளும் மேல்நோக்கி எழுகின்றன.

நம் ஹூக்ளியில் கையாண்ட முறை வேறு. பிராட்போர்டு லெஸ்லி அமைத்து 1874-இல் மக்களுக்குத் திறந்துவிட்ட பழைய ஹௌரா பாலம் ஒரு மிதவைப் பாலம். நீளம் 1,528 அடி. அகலம் 62 அடி. நடுவே 200 அடிப் பகுதியைக் கழற்றி விலக்கிக் கப்பல்களுக்கு வழிவிடுவார்கள். கட்டி முடியுமுன்னரே அப்பாலம் கப்பலின் வலிமையை உணர்ந்தது. 1874 மார்ச்சு மாதத்துப் புயலில் எகேரியா என்னும் நீராவிக் கப்பல் கட்டறுந்து வந்து மோத, மிதவைகள் மூன்று மூழ்கின; பாலத்தின் ஒரு பகுதியும் சிதைந்தது. 1879-இல் அப்பாலத்தில் மின்விளக்குகள் எரியலாயின. 1906 வரை கப்பல்களுக்காகப் பாலம் பகலிலேயே திறக்கப்பட்டது. அவ்வாண்டு முதல், கடலோடும் நீராவிக் கப்பல்கள் தவிர ஏனையவற்றிற்கு இரவில் திறக்கும் ஏற்பாடு வந்தது. பகலில் வண்டிகளும் மக்களும் படும் தொல்லை அதனால் பெரிதும் குறைந்தது.

இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு பங்குண்டு. 1900-இல் கரக்பூரிலிருந்து ஹௌராவிற்கு ரயில் பாதை வந்து சேர்ந்த பின்னர், சென்னையிலிருந்து ரயிலேறி வந்த தமிழர்கள் ஹௌராவில் இறங்கினர். எழுத்தராகவும் கணக்கராகவும் வணிகராகவும் வந்த அம்முன்னோர், நகருக்குள் அடியெடுத்து வைக்க அந்த மிதவைப் பாலத்தையே கடக்க வேண்டியிருந்தது. பாலம் திறந்திருந்தால், கப்பல் சென்று மறையும்வரை மூட்டை முடிச்சுகளோடு கரையில் காத்திருக்க நேரும். அவர்களுக்கு இந்நகரம் அளித்த முதற்பாடம், ஆற்றுக்கும் ஓர் உரிமை உண்டு என்பதே எனலாம்.

1943 பிப்ரவரி 3-ஆம் நாள் இன்றுள்ள ஹௌரா பாலம் திறக்கப்பட்டது. நடு இடைவெளி 1,500 அடி. ஆற்றின் நடுவில் தூண் ஒன்றும் இல்லை. 1965-இல் அதற்கு ரவீந்திர சேது என்று பெயர் சூட்டினர். இது திறந்து மூடாத பாலம். நிலவழியின் வழக்கு இங்கே வென்றது. ஆற்றில் மேலே செல்லும் எந்தக் கலமும் இனித் தன் உயரத்தைப் பாலத்தின் உயரத்திற்கு அடக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆயினும் அதற்குள் கிடர்பூர்த் துறைத் தொட்டிகளும், 1929-இல் தோன்றிய மற்றொரு பெருந்தொட்டியும் பாலத்திற்குக் கீழ்ப்புறத்திலேயே அமைந்துவிட்டன. அதனால் கடற்கப்பல்களுக்குப் பேரிழப்பு நேரவில்லை. பாய் விரித்து வந்த நாட்டுப் படகுகள்தாம் மரத்தைத் தாழ்த்திக்கொண்டன.

நம் தாயகத்தில் இவ்வழக்கின் தலைசிறந்த சாட்சி பாம்பன். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் கடல்மேல் 6,776 அடி நீண்டது. அதன் நடுவே ஷெர்சர் என்பார் கண்ட முறையில் இரண்டு இரும்புக் கதவுகள் அமைந்தன. தொழிலாளர்கள் நெம்புகோல்களைப் பிடித்துச் சுற்ற, அக்கதவுகள் வானோக்கி எழும். ரயில் செல்லும்போது கப்பல் நிற்கும். கப்பல் செல்லும்போது ரயில் நிற்கும். 1964 டிசம்பர்ப் புயலில் பாலத்தின் 126 உத்தரங்கள் கடலில் வீழ்ந்தும், அந்தத் தூக்குப் பகுதி நிலைத்து நின்றது. ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் பாலம் சீர் செய்யப்பட்டதை நம்மவர் இன்றும் பெருமையோடு நினைவுகூர்வர். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் ஓட்டம் நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டது. இதன் 72.5 மீட்டர் நீளமான நடுப்பகுதி, கிடைநிலை மாறாமல் 17 மீட்டர் நேரே மேலேறுகிறது.

இவ்விரு முறைகளுக்கும் உள்ள வேற்றுமை கருதத்தக்கது. கதவு போல் திறக்கும் பாலத்திற்கு மேலே வானமே எல்லை. நேரே உயரும் பாலமோ எவ்வளவு உயர்ந்தாலும் கப்பலின் தலைக்கு மேல் ஒரு கூரையாகவே நிற்கும். பாம்பனில் இதனால் இழப்பு எதுவுமில்லை. 1988-இல் அருகில் திறக்கப்பட்ட சாலைப் பாலம் ஏற்கெனவே அசையாத கூரையாக நின்றுவிட்டது. அடுத்தடுத்து இரண்டு பாலங்கள் இருப்பின், தாழ்ந்ததுவே அவ்வழியின் உயரம் என்பது மாலுமிகள் அறிந்த உண்மை.

கணக்கும் கண்ணும்

பாலத்தின் உயரம் ஓர் எண். பாய்மரத்தின் உயரம் ஓர் எண். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் போதாதோ என்று எண்ணத் தோன்றும். போதாது. பாலம் அசைவதில்லை, அதன் அடியில் உள்ள நீர் ஏறி இறங்குகிறது. கடலை அடுத்த ஆறுகளில் நாளொன்றுக்கு இரு முறை ஓதம் ஏறி, இரு முறை வற்றும். ஆகவே கடல் வரைபடங்களில் பாலத்தின் உயரத்தை உயர் ஓதத்தின் மட்டத்திலிருந்து அளந்து குறிப்பர். நீர் அதனினும் தாழ்ந்திருக்கையில் கூடுதல் இடம் கிடைக்கும். ஆழத்தைக் குறிப்பதோ தாழ் ஓதத்தின் மட்டத்திலிருந்து. இரண்டிலும், மாலுமிக்குத் தீங்கான நிலையையே அளவுகோலாகக் கொள்வது முன்னோர் கண்ட முறை.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். வரைபடத்தில் ஒரு பாலத்தின் உயரம் 18 மீட்டர் என்றிருக்கிறது. இப்போது நீர் உயர் ஓத மட்டத்திற்கு 2.5 மீட்டர் தாழ்ந்துள்ளது. எனவே இடைவெளி 20.5 மீட்டர். படகின் பாய்மரம் நீர்மட்டத்திற்கு மேல் 18.6 மீட்டர். அதன் உச்சியில் நாட்டிய வானொலிக் கம்பி 0.9 மீட்டர். ஆக 19.5 மீட்டர். எஞ்சுவது 1 மீட்டர். இதைக் கொண்டு துணிந்து புறப்பட்டவர், ஏறும் ஓதத்தில் ஒரு மணி நேரம் தாமதித்தால் அந்த 1 மீட்டரும் நீரில் கரைந்துபோகும். எதிரே செல்லும் பெருங்கலம் எழுப்பும் அலை ஒன்றே அரை மீட்டரை உண்டுவிடும். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் படகு வரும்போது இருந்ததைவிட நீரில் மிதந்து நிற்கும். அதனால் அதன் மரமும் உயர்ந்து நிற்கும். காலையில் தட்டாமல் வந்த பாலம் மாலையில் தட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். கங்கை போன்ற ஆறுகளில் மழைக்கால வெள்ளம் ஓதக் கணக்கையே பொய்யாக்கிவிடும்.

கண்ணளவை நம்புவதும் தவறு. மேற்றளத்தில் நின்று அண்ணாந்து நோக்குவோருக்குப் பாய்மரம் பாலத்தில் மோதியே தீரும் என்பது போலவே தோன்றும்; நிறைய இடம் இருப்பினும் அப்படியே தோன்றும். எப்போதும் அச்சுறுத்தும் கண், உண்மையான ஆபத்தின்போது எச்சரிக்கும் தகுதியை இழக்கிறது. ஆகையால் படகை வாங்கிய நாளிலேயே மரத்தின் உயரத்தை நாடா பிடித்து அளந்து எழுதி வைப்பர் அறிவுடையோர். உச்சியில் புதிய விளக்கோ கம்பியோ பொருத்தினால் அதனையும் கூட்டி எழுதுவர். பாலத்தை அணுகும்போது இயன்றால் ஓட்டத்திற்கு எதிராகவே அணுகுவர். ஐயம் தோன்றினால் அந்நிலையில் படகை நிறுத்தலாம். ஓட்டத்தோடு சென்றால், ஐயம் தோன்றும்போது படகு பாலத்தின் அடியில் இருக்கும்.

நியூயார்க்கின் புரூக்ளின் பாலம் இதற்கு அண்மைச் சான்று. 1883-இல் திறக்கப்பட்ட அத்தொங்குபாலத்திற்கு அரசின் ஒப்புதலோடு குறித்த உயரம் 135 அடி. 2025 மே 17-ஆம் நாள் மாலை, மெக்சிகோ கடற்படையின் குவாவுத்தேமோக் என்னும் மூன்று மரப் பயிற்சிப் பாய்க்கப்பல் 277 பேருடன் அந்நகரத் துறையை விட்டுப் புறப்பட்டது. அதன் மரம் பாலத்தினும் உயர்ந்தது என்பதை அதனைச் செலுத்தியோர் அறிவர். அவர்கள் பாலத்தடியில் செல்லவே எண்ணவில்லை; எதிர்த்திசையில் கடலுக்குச் செல்லவே எண்ணினர். ஆயினும் கப்பல் பின்னோக்கி விரைந்து, புறப்பட்ட 5 நிமிடங்களுக்குள் பாலத்தில் மோதியது. மரங்கள் மூன்றும் முறிந்தன. விடைபெறும் மரியாதைக்காகக் குறுக்குமரங்களில் ஏறி நின்ற இளம் மாலுமிகள் தொங்கித் தவித்தனர். இருவர் உயிர் துறந்தனர். செல்ல எண்ணும் பாலத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது. ஓட்டமும் காற்றும் நம்மைக் கொண்டு சேர்க்கக்கூடிய பாலத்தையும் கணக்கில் வைக்க வேண்டும் என்று அத்துயர நிகழ்ச்சி உலகிற்கு உணர்த்தியது.

நீராவியும் எண்ணெயும் வந்தபின் இவ்வழக்கு ஓய்ந்தது என்றும் கருதுதல் வேண்டா. பனாமாக் கால்வாயின் முகப்பில் 1962-இல் எழுந்த அமெரிக்காக்களின் பாலம் அவ்வழியே செல்லும் கப்பல்களின் உயரத்திற்கு வரம்பு கட்டியது. 57.91 மீட்டர் என்பது அங்கு நெடுங்காலமாக வழங்கும் அளவு. மனிதர் ஒருமுறை கட்டிய பாலம், பின்னர் ஒரு நூற்றாண்டுக்குக் கப்பல் கட்டுவோர்க்கும் கட்டளையிடுகிறது.

கண்ணுக்குப் புலனாகாத பாலம்

பாலமாவது கண்ணுக்குப் புலனாகும். ஆற்றின் குறுக்கே செல்லும் மின்கம்பியோ வானத்தின் ஒளியில் மறைந்து நிற்கும். கரையிலுள்ள கோபுரங்களைக் கண்டே கம்பி உண்டென ஊகிக்க வேண்டும். கடல் வரைபடங்களில் கம்பியின் கோட்டின்மேல் மின்னல் போன்ற குறியிட்டு உயரத்தை எழுதுவர்.

இங்கே கணக்கு இன்னும் கடுமையானது. முதலாவதாக, கம்பி ஒரே உயரத்தில் நிற்பதில்லை. வெயிலாலும் தன்னுள் ஓடும் மின்னோட்டத்தாலும் சூடேறி நீண்டு, நடுவில் தொய்யும். கோடை நண்பகலில் கம்பி குளிர்கால விடியலில் இருந்ததினும் தாழ்ந்திருக்கும். இரண்டாவதாக, மரம் கம்பியைத் தொட வேண்டும் என்பதே இல்லை. உயரழுத்த மின்சாரம் இடைவெளியைத் தாவிப் பாயும். அதனால்தான் பிரிட்டிஷ் வரைபடங்களில், கம்பியின் உண்மை உயரத்திலிருந்து சில மீட்டரைக் கழித்துவிட்டு, அச்சமின்றிச் செல்லத்தக்க உயரத்தையே குறிக்கும் வழக்கம் வந்தது. மூன்றாவதாக, முற்காலத்துப் பாய்மரம் மரத்தால் ஆனது. இக்காலத்துப் பாய்மரம் பெரும்பாலும் அலுமினியம். அதனை இழுத்துப் பிடிக்கும் கயிறுகளும் எஃகு. உச்சியில் பாய்ந்த மின்சாரம் கீழே கயிற்றைப் பற்றியிருப்பவரை நொடியில் வந்தடையும். பெயரளவில் மட்டும் மரமாய் எஞ்சியுள்ள ஒன்று இப்படி உயிர் குடிக்கும் கம்பமாகிவிடுகிறது. ஆற்றில் மட்டுமன்றிக் கரையிலும் இவ்விபத்து நேர்வதுண்டு. சிறு பாய்ப்படகை வண்டியில் ஏற்றி வந்து, கரையில் மரத்தை நிமிர்த்துகையில் மேலே செல்லும் கம்பியைக் கவனியாதவர் பலர் மாண்டிருக்கின்றனர்.

இந்திய நாட்டின் உள்நாட்டு நீர்வழிகளுக்கென 2006-ஆம் ஆண்டில் வகுத்த விதிகள் இதனைக் கருத்திற்கொண்டுள்ளன. நீர்வழியின் தரத்திற்கேற்பப் பாலங்களின் அடியில் 4 முதல் 10 மீட்டர் வரை உயரம் விட வேண்டும். மின்கம்பிகளுக்கோ இதனினும் மிகுதி. 110 கிலோவோல்ட் வரையுள்ள உயரழுத்தக் கம்பிக்கு 19 மீட்டர். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவோல்ட்டிற்கும் 1 சென்டிமீட்டர் கூட்ட வேண்டும். ஜெர்மனியில் எல்பே நதியின் குறுக்கே, கடற்கப்பல்களுக்கு 75 மீட்டர் உயரம் விடுவதற்காக 1970-களில் 227 மீட்டர் உயரமான மின்கோபுரங்களை எழுப்பினர். கப்பலின் ஒரு மரத்திற்கு வழிவிட, மலை போன்ற கோபுரங்களை மாந்தர் நாட்டினர்.

அந்நாட்டிலேயே எம்ஸ் நதியில் நிகழ்ந்ததொன்றையும் கூறாமல் விடுதற்கில்லை. உள்நாட்டில் உள்ள கப்பல் கட்டும் தளத்திலிருந்து பெரிய உல்லாசக் கப்பலொன்று கடலுக்குச் செல்ல வேண்டியிருந்தது. வழியில் 380 கிலோவோல்ட் மின்கம்பி ஆற்றைக் கடக்கிறது. கப்பல் செல்லும்வரை கம்பியில் மின்சாரத்தை நிறுத்துவது வழக்கம். 2006 நவம்பர் 5-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் என்று திட்டமிட்ட நேரத்தை 4-ஆம் நாள் இரவுக்கு மாற்றினர். மாற்றியதன் விளைவுகளைச் செவ்வனே ஆராயவில்லை. ஒரு வழி அடைபட்டதும் மின்சாரம் பிற கம்பிகளில் மிகுந்து பாய்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாக அவை துண்டித்துக்கொண்டன. மேற்கு ஐரோப்பாவில் ஏறத்தாழ 1.5 கோடி வீடுகள் இருளில் மூழ்கின. ஒரு கப்பலின் உயரத்திற்காக ஒரு கண்டத்தின் விளக்குகள் அணைந்தன. பாயில்லாத கப்பலும் பாய்மரத்தின் பழைய வழக்கிலிருந்து தப்பவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆற்றுக்கடியில் ஒரு தீர்வு

இவ்வழக்கிற்கு மேலே செல்லாமல் கீழே செல்வதே முற்றிய தீர்வு. அத்தீர்வைக் கண்ட நகரங்களில் நம் நகரமும் ஒன்று என்பது பலர் அறியாதது. 1931-இல் ஹூக்ளியின் அடியில் சுரங்கம் குடைந்து, மின்கம்பிகளை அக்கரைக்கும் இக்கரைக்கும் கொண்டு சென்றனர். அதன்மேல் செல்லும் எந்தப் பாய்மரத்திற்கும் அக்கம்பியால் ஊறில்லை. 2024-இல் அதே ஆற்றின் அடியில் மெட்ரோ ரயிலும் ஓடலாயிற்று. ஹௌராவில் ஏறி நகருக்கு வரும் தமிழர் இன்று ஆற்றைக் காணாமலே கடக்கலாம். கப்பலும் நிற்பதில்லை, மக்களும் காத்திருப்பதில்லை. ஆறும் சாலையும் தத்தம் உரிமையை இழவாமல் வாழும் முறை இது.

ஆயினும் எல்லா ஆறுகளின் அடியிலும் சுரங்கம் அமைப்பது இயல்வதன்று. பாலங்கள் இன்னும் எழும். கம்பிகள் இன்னும் நீளும். 1986-இல் கங்கையை முதலாம் தேசிய நீர்வழியாக அறிவித்தபின் ஆற்றுப் போக்குவரத்தும் மீண்டும் தழைக்க முயல்கிறது. சாலைக்குச் செலவு குறைய வேண்டும் என்று இன்று ஒரு மீட்டர் தாழ்த்திக் கட்டும் பாலம், நாளை மேலாற்றில் உள்ள ஊர்கள் அனைத்தின் படகுகளையும் ஒரு மீட்டர் குறுக்கிவிடும். அவ்வூர்களின் மக்கள் பாலம் திட்டமிடும் மன்றத்தில் இருப்பதில்லை. மெனாயில் கடற்படை வாதிட்டது; சிற்றாற்றுப் படகோட்டிக்காக வாதிட யார் உளர்? பொறியியல் துறையிலும் அரசுப் பணியிலும் உயர்ந்து விளங்கும் நம் உறுப்பினர்கள் இதனைச் சிந்தித்தல் நலம். நீர்நிலைகளில் பாய்ப்படகு பழகும் நம் இளைஞர்களும், பாய் விரிக்கும் முன் ஒருமுறை மேலே நோக்கவும், வரைபடத்தில் எழுதியதைத் தம் மரத்தின் அளவோடு ஒப்பிடவும், ஐயமுண்டாயின் திரும்பிவிடவும் பழகுவாராக. திரும்பி வருதல் மாலுமிக்கு இழுக்கன்று.

புகாரில் கலங்கள் கூம்பு களையாது புகுந்ததை நாட்டின் பெருமையாகப் பாடினார் நம் புலவர். வருகின்ற கலத்தை அதன் முழு உயரத்தோடும் முழுப் பாரத்தோடும் ஏற்றுக்கொள்ளும் துறையே பெருந்துறை என்பது அவர் கண்ட அளவுகோல். நாம் அமைக்கும் பாலங்களையும் அந்த அளவுகோலால் அளப்போமாக.